நிறுத்துவதற்கு ஒரு தேதி

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணிக்கொடியாகக் கட்டியிருப்பது கயிறு இல்லை, டென்னிஸ் மட்டையில் பின்னும் ஸ்ட்ரிங். கறுப்பு நிறம். மழையில் நனைந்தாலும் இற்றுப்போகாது, வெள்ளைச் சட்டையில் கறை ஏறாது. கட்டிக்கொடுத்தவன் என் ஒன்றுவிட்ட அக்காவின் மகன், மதுரைக்காரன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வாரம் சூளைமேட்டில் எங்களோடு தங்கி, நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் நடந்த 15,000 டாலர் பரிசுப் போட்டியில் ஆடினான். 200 மீட்டர் ரீல் வாங்கினால் பதினாறு மட்டைக்கு வருமாம். கடைசியில் ஏழெட்டு மீட்டர் மிஞ்சும், அது இன்னொரு மட்டைக்குப் போதாது. அதை அவன் தூக்கி எறிவதில்லை. "எங்க வீட்லயும் இதான் மாமா கொடி. அம்மா இப்பல்லாம் கடையில கயிறே வாங்கறதில்ல" என்றான்.

அந்த வாரத்தில் ஒரு ராத்திரி, இதே கொடிக்குக் கீழே உட்கார்ந்து அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன். நம் வீடுகளில் எல்லாப் பெரியவர்களும் கேட்கிற கேள்விதான், அக்கறையோடுதான் கேட்டேன். அது தப்பான கேள்வி என்று அன்றைக்கே மனதில் பட்டுவிட்டது. ஏன் தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள இவ்வளவு நாள் பிடித்திருக்கிறது.

நுங்கம்பாக்கம் ஸ்டேடியம் என்றதும் என் வயதுக்காரர்களுக்கு ஜனவரி மாதச் சாயங்காலங்கள்தான் ஞாபகம் வரும். சென்னை ஓப்பன், நிரம்பி வழியும் கேலரி, 2008-ல் மோயாவோடு நாலு மணி நேரம் போராடி ஜெயித்துவிட்டு மறுநாள் இறுதி ஆட்டத்தில் கால் நகராமல் நின்ற நடால், வருடா வருடம் வந்து கோப்பையை எடுத்துக்கொண்டு போன வாவ்ரிங்கா. 2017-க்குப் பிறகு அந்தப் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. என் மருமகன் ஆடிய வாரத்தில் அதே ஸ்டேடியம் வேறு ஊர் மாதிரி இருந்தது. கேலரியில் காக்காய், நிழல் பார்த்து உட்கார்ந்திருந்த ஏழெட்டு அப்பாக்கள், மடியில் டிபன் கேரியரோடு ஒரு அம்மா. டிக்கெட் கிடையாது, யாரும் உள்ளே போகலாம், ஆனால் யாரும் வருவதில்லை. தொழில்முறை டென்னிஸின் இந்தக் கடைசி அடுக்குக்கு ஃபியூச்சர்ஸ் என்று பெயர். பெயரை மாற்றி வருடங்கள் ஆகியும் ஆட்டக்காரர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். எதிர்காலம் என்று பொருள் தருவதால் அந்தப் பெயர் நாக்கில் தங்கிவிட்டதோ என்னவோ.

அவன் நேரடியாக மெயின் டிராவில் (போட்டியின் பிரதான சுற்றுகளில்) இல்லை, தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கினான். அங்கே மூன்றாவது செட் கிடையாது. செட் கணக்கு சமமானால் பத்துப் பாயின்ட் டை-பிரேக்கோடு முடித்துவிடுவார்கள். இரண்டாவது ஆட்டத்தை அப்படித்தான் 11-9 என்று தப்பித்து ஜெயித்தான். ஒரு மாத உழைப்பும் ஒரு டிக்கெட் செலவும் கடைசி இரண்டு பாயின்ட்டில் தொங்குவதை முதல் முறையாகப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எதிரில் ஆடிய பையன் கைகொடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டி, நேராக ஸ்டேடியம் வாசலுக்குப் போய் ஆட்டோ பிடித்தான். குளிக்கக்கூட நிற்கவில்லை. சாயங்கால ரயிலைப் பிடித்துவிட்டால் ஒரு ராத்திரி ரூம் வாடகை மிச்சம் என்று என் மருமகன் பிற்பாடு சொன்னான்.

மெயின் டிராவின் முதல் சுற்றில் மூன்று மணி நேரம் ஆடினான். மூன்றாவது செட்டில் அவன் தொப்பியின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒவ்வொரு இரண்டு கேமுக்கும் ஒரு முறை கைப்பிடியைத் துண்டால் துடைத்து, அப்புறம் ஷார்ட்ஸில் தேய்த்து, அப்புறம் மறுபடி துண்டு. 7-5 என்று முடித்தபோது கத்தவில்லை, கையை உயர்த்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அவனுடைய முதல் ஏடிபி பாயின்ட் அது. ஏடிபி என்பது ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் அமைப்பு, அதன் உலகத் தரவரிசையில் பெயர் ஏற இந்தப் பாயின்ட் வேண்டும். பன்னிரண்டு வருடமாக டென்னிஸ் ஆடிச் சம்பாதித்த ஒரு பாயின்ட். மறுநாள், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு தரவரிசைக்காரரிடம் 6-2, 6-3 என்று தோற்றான்.

மாடியில் அந்த ராத்திரி

தோற்ற அன்று சாயங்காலமும் அவன் செய்தது தினமும் செய்ததைத்தான். பக்கெட்டில் சட்டைகளை ஊறப்போட்டு அலசினான். மட்டைகளிலிருந்து ஈரக் கைப்பிடிப் பட்டையை உரித்துக் கொடியில் போட்டான். என் மனைவி கொடுத்த தயிர்சாதத்தை இரண்டு தட்டு சாப்பிட்டான். அப்புறம் மாடிக்கு வந்து, ஒரு நோட்டைத் திறந்து அன்றைய ஆட்டத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டு. பக்கத்துக்கு ஒரு ஆட்டம்.

பரிசு எவ்வளவு என்று கேட்டேன். 258 டாலர் என்றான். அன்றைய மதிப்பில் 21,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே, அதில் வரிப் பிடித்தம் வேறு. முதல் சுற்றிலேயே தோற்றிருந்தால் 156 டாலர். அந்த வாரம் முழுவதும் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினாலும் 2,160 டாலர்தான். மொத்தம் 15,000 டாலர், ஒற்றையரும் இரட்டையரும் சேர்ந்து பிரித்துக்கொள்ள வேண்டும். நான் மனதுக்குள் கூட்டிக் கழித்தேன். அவன் அப்பா கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெறப் போகிறவர். அக்காவின் நகை ஏற்கெனவே அடகில் இருப்பது எனக்குத் தெரியும். அப்போதுதான் கேட்டேன்.

"எத்தனை நாள் இப்படிப் பார்ப்பே?"

அவனுக்குக் கோபம் வரவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவை எடுத்துக்கொண்டு, "ஒரு தேதி சொல்லுங்க மாமா, எழுதி வச்சுக்கறேன்" என்றான். நிஜமாகவே கேட்டான். பேனா தாளின் மேல் காத்திருந்தது.

இருபத்தைந்து வயது வரைக்கும் பார் என்றேன். அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்: "பிரஜ்னேஷ் அண்ணா டாப் ஹண்ட்ரட் போனப்ப இருபத்தொன்பது." அது எனக்கும் தெரிந்த கதைதான். பிரஜ்னேஷ் குணேஸ்வரனின் இருபதுகளில் பல வருடங்களை முழங்கால் காயம் தின்றுவிட்டது. 2019 பிப்ரவரியில், இதே நுங்கம்பாக்கத்தில் நடந்த, ஃபியூச்சர்ஸுக்கு அடுத்த மேல் அடுக்கான சேலஞ்சர் போட்டியில் அரையிறுதி வரை போனபிறகுதான் முதல் நூறு பேருக்குள் வந்தார். அந்த ஏப்ரலில் 75-வது இடம். அந்த ஒரே வருடத்தில் நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் மெயின் டிராவில் ஆடினார். இருபத்தைந்தில் யாராவது அவருக்குத் தேதி குறித்துக் கொடுத்திருந்தால்?

சரி, வயதை விடு, முடிவுகளை வைத்துச் சொல்கிறேன் என்றேன். தொடர்ந்து கடைசிக் கட்டத்தில் தோற்றுக்கொண்டே இருந்தால் அது ஒரு அறிகுறிதானே. அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. ராம்குமார் ராமநாதன் சேலஞ்சர் இறுதி ஆட்டத்தில் ஆறு முறை தோற்றவர். அதற்கு நடுவிலேயே 2017-ல் அண்டால்யாவில், அப்போது உலகின் எட்டாம் நிலையில் இருந்த டொமினிக் தீம் என்பவரை வென்றிருக்கிறார், 2018-ல் நியூபோர்ட்டில் ஏடிபி இறுதி ஆட்டம் வரை போயிருக்கிறார். ஆனாலும் ஒற்றையரில் முதல் சேலஞ்சர் பட்டம் 2021 நவம்பரில் மனாமாவில்தான் கிடைத்தது, ஏழாவது முயற்சியில். "நான் அவங்க லெவல் இல்ல மாமா, எனக்கே தெரியும். ஆனா அவங்களுக்கும் அந்த வயசுல தெரியாதுல்ல" என்றான்.

என்னால் தேதி சொல்ல முடியவில்லை. அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு பேனாவை மூடி வைத்தான். கீழே போய்ப் படுத்தபிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

யார் நிறுத்துகிறார்கள்?

மற்ற வேலைகளில் நிறுத்தச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். சிவில் சர்வீஸ் தேர்வுக்கு வயது வரம்பு உண்டு, பொதுப் பிரிவில் ஆறு முறைதான் எழுதலாம். கிரிக்கெட்டில் தேர்வுக்குழு எடுக்காவிட்டால் வீட்டில்தான் இருக்க வேண்டும். டென்னிஸில் யாரும் யாரையும் நீக்குவதில்லை. உறுப்பினர் எண் இருக்கிறது, நுழைவுக் கட்டணம் கட்டினால் போதும், நாற்பது வயதிலும் தகுதிச் சுற்றுக்குப் பெயர் கொடுக்கலாம். கதவு திறந்தே இருக்கிறது, அதை நான் ரொம்ப நாள் நல்ல விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் திறந்த கதவு வழியாக இத்தனை பேர் வெளியே போய்க்கொண்டே இருக்கிறார்களே, அவர்களை யார் அனுப்புகிறார்கள்? காசு அனுப்புகிறது. காசு தீர்ந்து ஒருவன் ஊர் திரும்பினால், வெளியில் இருக்கும் நாம் "அவனுக்கு அவ்வளவுதான் திறமை" என்று சொல்லிவிடுகிறோம். இரண்டும் ஒன்றில்லை. இதைத்தான் அன்று ராத்திரி நான் குழப்பிக்கொண்டேன். அவனுடைய ஆட்டம் எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்பதாக நினைத்து, அவன் அப்பாவின் சம்பளம் எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டேன்.

இதைச் சொல்லிப் புரியவைக்க சுமித் நாகல் ஒருவரே போதும். 2023 செப்டம்பரில், இந்தியாவின் முதல் நிலை ஒற்றையர் ஆட்டக்காரராக இருந்தபோதே, தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். கோச், பயணம், ஓட்டல் எல்லாம் போக மிஞ்சியது அவ்வளவு. நாலே மாதத்தில் ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச் சுற்று மூன்றையும் ஜெயித்து, மெயின் டிராவில் 31-வது சீடாக (தரவரிசையை வைத்துப் போட்டியில் முன்னிடம் கொடுக்கப்பட்டவராக) இருந்த அலெக்சாண்டர் பப்லிக்கை நேர் செட்களில் வென்றார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் ஒரு இந்திய ஆண் இப்படிச் சீட் பெற்ற ஒருவரை வெல்வது 1989-க்குப் பிறகு அதுவே முதல் முறை. 1989-ல் மாட்ஸ் விலாண்டரை வென்றவர் நம் ரமேஷ் கிருஷ்ணன். இரண்டாம் சுற்றுக்குப் போனதற்கே நாகலுக்கு 1,80,000 ஆஸ்திரேலிய டாலர். அடுத்த மாதம் நுங்கம்பாக்கம் வந்து சென்னை சேலஞ்சரையும் ஜெயித்து முதல் நூறு பேருக்குள் நுழைந்தார். அந்த இறுதி ஆட்டத்தை நான் கேலரியில் உட்கார்ந்து பார்த்தேன். எல்லோரும் எழுந்து கைதட்டும்போது என் மனது அந்த 900 யூரோவிலேயே நின்றது. செப்டம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவில் அவருடைய ஃபோர்ஹேண்ட் புதிதாக முளைக்கவில்லை. அக்டோபரில் காசு தீர்ந்து அவர் நிறுத்தியிருந்தால், நாம் இன்னொரு ஏமாற்றம் என்று எழுதி முடித்திருப்போம்.

சர்வதேச டென்னிஸ் சம்மேளனமே ஒரு முறை உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டது. 2013-ஆம் வருடப் போட்டிகளை வைத்து அவர்கள் கண்டது: ஆண்களில் 336-வது இடத்துக்கு மேலே இருந்தால்தான் வரவும் செலவும் சமம், பெண்களில் 253. அதுவும் கோச் சம்பளத்தைச் சேர்க்காமல். அந்த வருடம் தொழில்முறைப் போட்டிகளில் ஆடியவர்கள் பதின்மூன்றாயிரத்துக்கும் மேல். உலகத்தில் ஐந்நூறாவது சிறந்த சமையற்காரரோ இதய மருத்துவரோ கைக்காசைப் போட்டு வேலை பார்ப்பாரா என்று யோசித்துப் பார்க்கிறேன். 1998-ல் ஃபியூச்சர்ஸ் தொடங்கியபோது சிறிய போட்டியின் மொத்தப் பரிசு 10,000 டாலர். 2017-ல்தான் அது 15,000 ஆனது. நடுவில் விமான டிக்கெட் எங்கே போயிற்று, ஓட்டல் வாடகை எங்கே போயிற்று என்று சொல்லத் தேவையில்லை.

2024-லிருந்து ஏடிபி ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. முதல் 250 பேருக்குக் குறைந்தபட்ச வருமானத்துக்கு உறுதி கொடுக்கிறது: தொடங்கிய 2024-ல் முதல் நூறு பேருக்கு 3,00,000 டாலர், 175 வரை 1,50,000, 250 வரை 75,000 என்று இருந்தது. வருடப் பரிசுப்பணம் அதற்குக் கீழே போனால் மீதியை அவர்கள் போடுவார்கள். கோச்சோடு ஊர் ஊராகப் போகும் நாகல் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஐந்நூறிலும் எண்ணூறிலும் நீந்திக்கொண்டிருப்பவனுக்கு அந்தக் கயிறு எட்டாது. முக்கால் கிணறு தாண்டியவனுக்குத்தான் கிடைக்கும்.

நம் பையன்களுக்குத் தூரம் இன்னொரு செலவு. துனிசியாவின் மோனாஸ்டிர், துருக்கியின் அண்டால்யா, எகிப்தின் ஷர்ம் எல் ஷேக் மாதிரியான ஊர்களில் கடற்கரை விடுதிகளை ஒட்டி வாரா வாரம் இந்தப் போட்டிகள் நடக்கின்றன. ஐரோப்பியப் பையன் சின்ன விமானத்தில் போய் மூன்று வாரம் ஆடிவிட்டு வீடு திரும்புகிறான். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் கிளப் லீக் ஆட்டங்கள் உண்டு, அதில் ஒரு சீசன் ஆடினால் சில மாதச் செலவுக்கு ஆகும். மதுரைப் பையனுக்கு முதலில் விசா வர வேண்டும். வந்தபிறகு, எப்போது தோற்போம் என்று தெரியாததால் திரும்பும் தேதியை மாற்றக்கூடிய டிக்கெட் வேண்டும், அது விலை அதிகம். என் மருமகன் ஷர்ம் எல் ஷேக்கில் மூன்று வாரம் இருந்தபோது, முதல் வாரம் தன்னை ஜெயித்த பையனோடு இரண்டாவது வாரம் அறையைப் பகிர்ந்துகொண்டான். அங்கே ஒரு ஆட்டம் தோற்ற ராத்திரி, அவன் போனுக்கு முகம் தெரியாத யாரோ அனுப்பிய செய்தியை எனக்குக் காட்டினான். அவன் அம்மாவுக்குப் புற்றுநோய் வரட்டும் என்று எழுதியிருந்தது. அவன் ஜெயிப்பான் என்று எங்கோ பணம் கட்டித் தோற்ற ஆள். 2024-ல் மட்டும் இப்படி ஏறக்குறைய 8,000 வசைச் செய்திகள் 458 ஆட்டக்காரர்களுக்குப் போயிருப்பதாகவும், அதில் 40 சதவீதம் சூதாடிகள் அனுப்பியவை என்றும் சம்மேளனமும் பெண்கள் டென்னிஸை நடத்தும் டபிள்யூடிஏவும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அந்த ஒரு செய்தியை அவன் அழிக்காமல் வைத்திருந்தான். ஏன் என்று கேட்டேன். "அம்மா போனைப் பார்க்கமாட்டாங்க மாமா" என்று வேறு எதற்கோ பதில் சொன்னான்.

ஒரு திங்கட்கிழமை

ஏடிபி பாயின்ட் சேமிப்புக் கணக்கு மாதிரி இல்லை. 52 வாரம்தான் இருக்கும், அப்புறம் கழன்றுவிடும். அதே பாயின்ட்டை மறுபடி ஜெயித்து எடுக்க வேண்டும். அவன் பெயர் முதன்முதலாகப் பட்டியலில் ஏறியபோது ஆயிரத்து ஐந்நூறுக்கும் கீழே எங்கோ இருந்தது. அக்கா அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். அத்தனை சின்ன எழுத்தில், அவ்வளவு பெயர்களுக்கு நடுவில், அவனுடைய பெயருக்குப் பக்கத்தில் இந்தியக் கொடி. மருமகன் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு இழுத்து அனுப்பியிருந்தாள்.

அந்த வருடத்தில் அவன் ஆடியது ஒன்பது போட்டி. அவன் வயதில் முன்னேறத் துடிக்கும் மற்றவர்கள் இருபத்தைந்து, முப்பது ஆடுகிறார்கள். மீதி மாதங்களில் ஒரு அகாடமியில் குழந்தைகளுக்குப் பந்து போட்டுக்கொடுத்துச் சம்பளம் வாங்கினான். காலை ஐந்தரை மணிக்கு ஒரு குழு, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு குழு. நடுவில் வெயில் உச்சியில் இருக்கும்போது, கோர்ட் காலியாக இருக்கும் நேரத்தில் தன் பயிற்சி. ஒன்பதில் மூன்றில் மெயின் டிராவுக்குப் போய் மூன்றிலும் முதல் சுற்றில் தோற்றான். ஒன்றில் மேட்ச் பாயின்ட் கையில் இருந்தது.

52 வாரம் முடிகிற திங்கட்கிழமையைக் காலண்டரில் குறித்து வைத்திருந்தேன். அவனிடம் சொல்லவில்லை. அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு, பட்டியலைத் திறந்து அவன் பெயரைத் தட்டினேன். வரவில்லை. எழுத்தில் பிழையோ என்று மறுபடி தட்டினேன். பிறகு ஒரு பாயின்ட் வைத்திருக்கும் அத்தனை பெயர்களையும் விரலால் தள்ளிக்கொண்டே கடைசி வரை போனேன். முந்தின திங்கட்கிழமை வரை உலகத்தின் ஆட்டக்காரர்களில் ஒருவனாக இருந்தவன், இந்தத் திங்கட்கிழமை எந்த எண்ணும் இல்லாதவன். காரணம் எழுத அந்தப் பட்டியலில் இடம் இல்லை. அந்த வருடத்தில் அவன் தோற்ற ஆட்டங்களைவிட ஆடாத ஆட்டங்கள்தான் அதிகம் என்பதை யார் பார்ப்பார்கள்?

அக்காவுக்குப் போன் செய்தேன். விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. "காலைலயே பார்த்துட்டான். பார்த்துட்டு பசங்களுக்குப் பந்து போட்டுக்குடுக்கப் போயிட்டான்" என்றாள். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அப்புறம் அவள் கேட்டாள், "நீ என்னடா நினைக்கறே, இதோட போதும்னு சொல்லிடட்டுமா? நீ சொன்னா கேட்பான்."

ஒரு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது என்னிடம் வேறு கணக்குதான் இருந்தது. ஒன்பது போட்டிக்குப் பதிலாக இருபது ஆடட்டும், சென்னையில், கோவையில், பெங்களூரில், டெல்லியில், ரயிலில் போகக்கூடிய ஊர்களில். அதை ஒரு முழு வருடம் ஆடித் தோற்றால் அந்தத் தோல்வி அவனுடையது, அவனே பார்த்துக்கொள்வான். என் பங்குக்கு ரயில் டிக்கெட்டும் ஸ்ட்ரிங்கும் நான் வாங்கித் தருகிறேன், சென்னையில் மாடி அறை எப்போதும் உண்டு என்றேன். அக்கா அழுதாள். நான் ஏதோ தியாகம் செய்வதாக நினைத்துவிட்டாள். தப்பாகக் கேட்ட ஒரு கேள்விக்கு நான் கட்ட வேண்டிய வட்டி இது என்று அவளிடம் விளக்க எனக்கு வார்த்தை வரவில்லை.

அடுத்த மாதம் இங்கே மறுபடி ஒரு 15,000 டாலர் போட்டி. பாயின்ட் இல்லாததால் தகுதிச் சுற்றிலும் நேரடி இடம் இல்லை, மாற்று ஆட்டக்காரர் பட்டியலில் இருக்கிறான். மேலே இருக்கிற ஒவ்வொருவராக வேறு ஊருக்குப் போவதாகப் பெயரை எடுக்க எடுக்க, இவன் மேலே நகர்வான். நேற்றுக் காலை பார்த்தபோது பதினொன்றாவது. ராத்திரி ஒன்பது. இன்றைக்கு இதை எழுத உட்காரும் முன் பார்த்தேன், ஆறு.